கடல் கடக்கும் முன் கணக்கை எழுதுங்கள்

ஜும்ஆ பயான் – எழுத்து வடிவம்
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்



அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும் அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த உரையைப் படிக்கும் சகோதரர்களே!

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்டால் உடனே சொல்வார்கள்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அந்த வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. தவணை சொல்லிக் கடன் கொடுத்தால் எழுதி வைக்க வேண்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது, சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சலிப்புக் காட்டக் கூடாது என்று அல்லாஹ் அதில் விரிவாகக் கற்றுத் தருகிறான். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது அவ்வளவு முக்கியமான காரியம்.

குலசேகரம், தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று நம் மாவட்டத்தின் எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவில் ஆள் இருக்கிறது. இப்போது இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் நம் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். திருவனந்தபுரம் விமான நிலையம் வரை போய், துஆச் செய்து வழியனுப்புகிறோம். பெட்டியில் ஊறுகாய் இருக்கும், நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கும், தேங்காய் எண்ணெய் இருக்கும். ஆனால் இந்தப் பயணத்துக்கு எவ்வளவு கடன், யாரிடம் கடன், எப்போது அடைப்பது, அனுப்பும் பணம் யாருக்கு, எதற்கு என்று எழுதிய ஒரு தாள் பல வீடுகளில் இருப்பதில்லை. இருபது வருடம் பாலைவனத்தில் உழைத்துவிட்டு, திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல், கூடப்பிறந்தவர்களோடு பேச்சுவார்த்தையும் இல்லாமல் போகும் நிலைக்கு இதுவே பெரிய காரணம். ஆகவே இன்றைய ஜும்ஆவில், பயணம் போகிறவரும் அனுப்பி வைக்கிறவரும் எழுதி வைக்க வேண்டிய நான்கு காரியங்களைப் பார்க்கப் போகிறோம்.

வெளியூர் போய் வாழ்ந்த மூவர்

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி ஸூரத்துல் ஜும்ஆவின் 10ஆம் வசனம் ஏவுகிறது. ரிஸ்க் தேடிப் போவது குறையல்ல. எப்படிப் போவது, போன இடத்தில் எப்படி நிற்பது என்பதற்கு மூன்று முன்மாதிரிகள் போதும்.

முதலாவது, மூஸா (அலை) அவர்கள். எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்தபோது அவர்களிடம் எதுவும் இல்லை. அங்கே ஒரு பெரியவர் வேலை கொடுக்க முன்வந்தார். அந்தப் பேச்சை அல்கஸஸ் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களில் அல்லாஹ் பதிவு செய்திருக்கிறான். எட்டு வருட வேலை. விருப்பம் இருந்தால் பத்து. அந்த வேலைக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பது தெளிவாகச் சொல்லப்பட்டது. சிரமப்படுத்த மாட்டேன் என்று அந்தப் பெரியவர் வாக்குக் கொடுத்தார். இரண்டு தவணையில் எதை நிறைவேற்றினாலும் தம்மை மேற்கொண்டு வற்புறுத்தக் கூடாது என்று மூஸா (அலை) அவர்கள் நிபந்தனை வைத்து, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். காலம், கூலி, நிபந்தனை, சாட்சி ஆகிய நான்கும் வேலை தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டன. அவர்கள் நீண்ட தவணையையே நிறைவேற்றிக் கொடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது.

இரண்டாவது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். மக்காவில் வசதியாக இருந்தவர், மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவின் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். ஸஅத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருடைய பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்குப் போனார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார். கொஞ்ச காலத்தில் தம் சொந்தப் பணத்தில் மஹர் கொடுத்து நிகாஹ் செய்துகொண்டார். புது ஊருக்கு வந்தவர் உதவியை நன்றியோடு மறுத்துவிட்டு வழியைக் கேட்டார். அந்த ஊர்க்காரர் கேட்காமலே உதவிக்கு வந்தார். இரண்டிலும் நமக்குப் பாடம் உண்டு.

மூன்றாவது, யூஸுஃப் (அலை) அவர்கள். அவர்களும் எகிப்தில் வெளியூர்க்காரர்தான். அவர்களைப் பற்றிச் சேமிப்பின் இடத்தில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

முதல் எழுத்து: வேலை ஒப்பந்தம்

ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஏவுகிறது. என்ன ஒப்பந்தம் என்று தெரியாமல் அதை நிறைவேற்றவும் முடியாது, எதிர்த்தரப்பிடம் நிறைவேற்றச் சொல்லிக் கேட்கவும் முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை:

1. ஆள் அனுப்பும் ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு இருக்கிறதா என்று எவரும் தேடிப் பார்க்கலாம். ஊருக்குள் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிற துணை ஏஜென்டுக்குப் பதிவு கிடையாது. அவர் உறவுக்காரர் என்பதால் பதிவு வந்துவிடாது.

2. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று ரசீது இல்லாமல் கேட்கிறார் என்றால், அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது.

3. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. அவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு விசிட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று சொல்கிறவர் உங்களைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுகிறார். அந்த அனுமதியோடு சேர்ந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும்.

4. 'ஃப்ரீ விசா' என்ற பேரில் விற்கப்படுவது இலவசமும் அல்ல, சுதந்திரமும் அல்ல. ஒருவர் பெயரில் விசா, இன்னொருவரிடம் வேலை. அந்த நாட்டுச் சட்டத்தில் அது குற்றம். பிடிபட்டால் ஸ்பான்ஸர் கைவிரித்துவிடுவார். சம்பளப் பாக்கியைக் கேட்க இடமே இருக்காது.

5. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, பெரிய சம்பளம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். அப்படிப் போனவர்களை மியான்மாரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022இல் அங்கே சிக்கிய தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். அந்த வேலையில் அடியும் உதையும் மட்டுமல்ல, அடுத்தவர் பணத்தை ஏமாற்றும் பாவமும் இருக்கிறது.

வளைகுடா ஒப்பந்தத்தில் அரபிப் பிரதிதான் அங்குள்ள நீதிமன்றத்தில் செல்லும். அதில் 'ராத்திப் அஸாஸி' என்று ஒரு வரி இருக்கும். நம்மூரில் ராத்திபு என்றால் திக்ரு மஜ்லிஸ். அங்கே ராத்திப் என்றால் சம்பளம், ராத்திப் அஸாஸி என்றால் அடிப்படைச் சம்பளம். வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை இந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹம் என்றால் ஒரு நாளுக்கு 50 திர்ஹம். ஐந்து வருடத்துக்கு 105 நாள், 5,250 திர்ஹம். மொத்தச் சம்பளம் அதேதான் என்று சொல்லி அடிப்படையை 800 ஆகவும் மீதியை அலவன்ஸாகவும் எழுதிவிட்டால் அதே ஐந்து வருடத்துக்குக் கிடைப்பது 2,800 திர்ஹம்தான். இந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அரபியில் ஒப்பந்தம் வந்தால் பள்ளிவாசலுக்கு எடுத்து வாருங்கள். நாங்கள் அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியது இந்த மாதிரி நேரத்துக்கும் உதவ வேண்டும். மஃரிபுக்குப் பிறகு உட்கார்ந்து வரிக்கு வரி படித்துச் சொல்கிறோம்.

இரண்டாம் எழுத்து: பயணக் கடன்

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். கடன் இருக்கிறது, அதை அடைக்க எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும் தாம் தொழ வைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அந்தக் கடனை அபூகதாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழ வைத்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. வெளிநாட்டுப் பயணத்தில் முதல் சுமையே கடன்தான் என்பதால் இதை நினைவுபடுத்துகிறேன்.

விசாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மனைவியின் நகையிலிருந்து. இங்கே ஒரு மார்க்கச் சட்டத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மஹராக வந்த நகையும், பெண் வீட்டார் அவளுக்குப் போட்ட நகையும் அவளுடைய சொத்து. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அனுபவிக்கலாம் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் மஹரைப் பற்றிச் சொல்கிறது. அவள் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று வெட்கத்திலோ மாமியாரின் முகத்துக்காகவோ சொன்னது மனமுவந்ததாகாது. ஆகவே எத்தனை பவுன் வாங்கினீர்கள், எந்தெந்த நகை என்று எழுதி, அது அன்பளிப்பா கடனா என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். கடன் என்றால் பவுன் கணக்கில் எழுதுங்கள். இன்று எட்டுப் பவுன் வாங்கி, பத்து வருடம் கழித்து அன்றைய விலைக்கு ரூபாயைக் கொடுப்பது நியாயமாகாது.

நகையை வட்டிக்கு அடகு வைப்பதை விட, தேவையான அளவு மட்டும் விற்பது மேல். அடகு வைத்த நகை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்ற நிம்மதியில் வட்டி மாதா மாதம் ஏறும்; கடைசியில் ஏலத்துக்குப் போகும். வட்டியை விடாதவர்களோடு அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவிப்பதாக அல்பகரா 279ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஏற்கெனவே வட்டியில் மாட்டிக்கொண்டவர் தவ்பாச் செய்துவிட்டு, மற்ற எல்லாக் கடனுக்கும் முன்பாக அந்தக் கடனை முதலில் அடைத்து வெளியே வரட்டும்.

உறவினர்களிடம் கைமாற்று வாங்கியவர் ஒவ்வொரு பெயருக்கும் நேரே தொகையையும் அடைக்கும் மாதத்தையும் எழுத வேண்டும். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வீட்டில். கடன் கொடுத்தவர் 'நமக்குள் எதற்கு எழுத்து' என்று சொன்னாலும் எழுதுங்கள். எழுதுவது சந்தேகத்தால் அல்ல. சந்தேகமே வராமல் இருப்பதற்காக என்று அந்த நீண்ட வசனமே காரணம் சொல்கிறது.

போய் இறங்கிய முதல் ஆறு மாதம்

சகோதரர்களே, வெளிநாட்டு வாழ்க்கையில் பின்னால் வரும் பழக்கங்கள் எல்லாம் முதல் ஆறு மாதத்தில்தான் உருவாகின்றன. சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெட்டி கட்டும்போது மசாலாப் பொட்டலத்தோடு கசகசாவை வைத்துவிடாதீர்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கத்தரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். மருந்து கொண்டுபோவதானால் மருத்துவர் சீட்டு வேண்டும். சில வலி மாத்திரைகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் முன் அனுமதியே வேண்டும். அடுத்தவர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அமானத் என்று வாங்கிய பொட்டலத்துக்காகச் சிறையில் இருப்பவர்கள் உண்டு.

உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாளி அதை வாங்கிப் பூட்டி வைப்பது ஐக்கிய அரபு அமீரகத்தில் சட்டவிரோதம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

சம்பளம் வங்கி வழியாக வரட்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறையை வைத்திருக்கிறது. சம்பளம் வராவிட்டால் அரசுக்கே தெரியும். கையில் கொடுக்கும் சம்பளத்துக்கு அந்தச் சாட்சி இல்லை.

உங்கள் பெயரில் உள்ள சிம் கார்டையும் வங்கிக் கணக்கையும் ஒரு நாளுக்குக்கூட இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். 'என் பணம் கொஞ்சம் உன் கணக்கில் வரும், எடுத்துக் கொடு, உனக்கும் ஒரு பங்கு' என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் மோசடிப் பணம். காவல்துறை தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். வளைகுடாவில் வேலை செய்பவருக்கும் லண்டனில் படிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

வேலையில் சேர்ந்த மறுமாதமே கிரெடிட் கார்டு விற்க ஆள் வருவார். அதில் ஏறும் வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம்; கடன் நின்றால் அந்த நாட்டை விட்டு வெளியேறத் தடை வரும் என்பது இன்னொரு பக்கம். வாப்பாவின் ஜனாஸாவுக்குக்கூட வர முடியாமல் போகும்.

நல்ல கூட்டாளியைத் தேடுங்கள். பெட் ஸ்பேஸ் எடுக்கும் அறையில் யார் இருக்கிறார்கள் என்பதை வாடகைக்கு முன்னால் பாருங்கள். தொழுகிற, கணக்கு வைத்துச் செலவு செய்கிற நான்கு பேரோடு மெஸ் சேர்ந்தால் ஈமானும் பாதுகாப்பாக இருக்கும், பணமும் மிஞ்சும்.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு, தேவையான பணம் 28 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்காக 28 நாளைக்கு மட்டும் வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டித் தருகிறோம் என்று தரகர்கள் வருகிறார்கள். இதில் இரண்டு ஹராம் சேர்கிறது: ஒன்று வட்டி, இன்னொன்று பொய்ச் சாட்சி. அதோடு, அந்தப் பணம் 29ஆம் நாள் போய்விடும். அங்கே இறங்கிய பிறகு சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அந்தத் தொகையை அந்த நாடு கேட்பதே, அந்த அளவு இல்லாமல் அங்கே வாழ முடியாது என்பதால்தான்.

ஜெர்மனியில் வேறு முறை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் முடக்கக் கணக்கு ஒன்றில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும் என்று 2024இல் நிர்ணயித்திருக்கிறார்கள். அந்தப் பணம் உங்களுடையதுதான். மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். கட்டணம் குறைந்த இடத்தில் இடம் தேடுவதும், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், ஒரு வருடம் இங்கே வேலை செய்து சேர்த்துவிட்டுப் போவதும் வட்டிக் கடனைத் தவிர்க்கும் வழிகள். ஒரு வருடம் தாமதமாகப் போவது தோல்வியல்ல.

இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 'கையில் காசு தருகிறேன், கூடுதல் மணி நேரம் செய்' என்று நம் ஆட்களே கூப்பிடுவார்கள். விசாவை ஏற்றுக்கொண்டபோது அந்த நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டோம். அதுவும் ஓர் ஒப்பந்தம்தான். மீறினால் படிப்பே போய்விடும். வீட்டைப் பார்க்காமல், சாவியைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். இங்கிலாந்தில் பொதுவாக வீட்டு உரிமையாளர் அந்த அட்வான்ஸை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். போட்டாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெற்றோரே, வீட்டில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி அனுப்புங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை பார்த்துச் செலவு செய்யும்.

மூன்றாம் எழுத்து: ஊருக்கு அனுப்பும் பணம்

இதைத்தான் இன்று மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். ஒருவர் மாதா மாதம் தம்பிக்குப் பணம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் அனுப்புகிறார். தம்பி அதில் வீட்டுச் செலவு பார்த்தார், உம்மாவுக்கு வைத்தியம் பார்த்தார், தங்கச்சியின் நிகாஹை நடத்தினார், மீதியில் ஓர் இடம் வாங்கினார். அண்ணன் திரும்பி வந்து 'என் இடம் எங்கே' என்கிறார். தம்பி 'நீ வீட்டுக்குத்தானே அனுப்பினாய்' என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஆளுக்கொரு மாதிரி நினைத்துக்கொண்டார்கள், ஒருவரும் எழுதவில்லை. ஜமாஅத்துக்கு வரும் எத்தனையோ வழக்குகளின் உருவம் இதுதான்.

ஃபிக்ஹில் நாம் ஒருவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு வகை உண்டு. 'ஹிபா' என்றால் அன்பளிப்பு. கொடுத்தால் அது அவருடையது. 'கர்ள்' என்றால் கடன். அவர் செலவு செய்யலாம், திருப்பித் தர வேண்டும். 'அமானத்' என்றால் அது உங்களுடையதேதான். அவர் காவல்காரர் மட்டும், நீங்கள் சொன்னதற்குத் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது. அமானத்துகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அந்நிஸா 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆகவே பணம் அனுப்பும் ஒவ்வொரு மாதமும் ஒரு குறுஞ்செய்தி போடுங்கள்: 'இதில் 12,000 வீட்டுச் செலவுக்கு, 3,000 உம்மாவுக்கு ஹதியா, 10,000 என் அமானத், வங்கியில் இருக்கட்டும்.' இந்த ஒரு வரி பத்து வருடச் சண்டையைத் தடுக்கும். இது தம்பியின் நாணயத்தையும் காப்பாற்றும்.

நம் ஊரில் பணம் சேர்ந்தால் முதல் ஆசை ஒரு ரப்பர் தோட்டம். இங்கே ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. இது தெரிந்ததும் சிலர் தம்பி பெயரில் பத்திரம் போடுகிறார்கள். பத்திரத்தில் பெயர் யாருடையதோ சட்டத்தின் கண்ணில் இடமும் அவருடையதுதான். பினாமிச் சட்டம் 2016இல் கடுமையாக்கப்பட்ட பிறகு, அது என் பணம் என்று நீங்கள் வழக்குப் போடவும் வழியில்லை. இடம் அரசுக்கே போகவும் கூடும். தோட்டம் வேண்டுமானால் திரும்பி வந்து குடியமர்ந்த பிறகு உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

பணத்தைக் குழல்பண ஆட்கள் வழியாக அனுப்பாதீர்கள். ரூபாய்க்குச் சில பைசா கூடக் கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம். பணம் அனுப்பியதற்கு ஆதாரமும் இருக்காது. வங்கியிலும் எக்ஸ்சேஞ்சிலும் ரேட்டையும் கட்டணத்தையும் ஒப்பிட்டு அனுப்பினாலே மிச்சம் பிடிக்கலாம். ஒரு திர்ஹமுக்கு 20 பைசா வித்தியாசம் என்றால் 1,000 திர்ஹமுக்கு 200 ரூபாய், வருடத்துக்கு 2,400.

வெளிநாட்டில் குடியேறியதும் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பதும் சட்டம். அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு திறக்கலாம், அந்தப் பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் தடை இல்லை. இவற்றில் வட்டியில்லாத நடப்புக் கணக்கும் உண்டு, கேட்டால் தருவார்கள். சேமிப்புக் கணக்கில் வட்டி விழுந்துவிட்டால் அதை நம் செலவுக்கு எடுக்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கழித்துவிட வேண்டும்.

யூஸுஃப் (அலை) காட்டிய சேமிப்பு

ஏழு வருடம் விளையும், ஏழு வருடம் பஞ்சம் வரும் என்று கனவுக்கு விளக்கம் சொன்ன யூஸுஃப் (அலை) அவர்கள், விளையும் காலத்தில் உண்பதற்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கதிரிலேயே விட்டு வைக்கும்படி திட்டமும் சொன்னார்கள். ஸூரா யூஸுஃபின் 47, 48ஆம் வசனங்களில் இதைப் பார்க்கலாம்.

நமக்கு இது புதிதல்ல. மழைக்காலம் வந்தால் பால்வெட்டு நிற்கும் என்பது குலசேகரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாட்களுக்காக வெயில் காலத்திலேயே எடுத்து வைக்கும் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வளைகுடாச் சம்பளம் வெயில் காலத்துப் பால் மாதிரி. வேலை போகும் நாள், உடம்பு முடியாமல் போகும் நாள், வயதாகி விசா புதுப்பிக்காத நாள் ஆகியவைதான் மழைக்காலம். முதலில் கடன்; கடன் தீரும் வரை புது வீடும் இல்லை, காரும் இல்லை. கடன் தீர்ந்த அடுத்த மாதம், கடனுக்குக் கட்டிய அதே தொகையை உங்கள் பெயரில் சேமிக்கத் தொடங்குங்கள். நிஸாப் அளவை எட்டி ஒரு வருடம் ஆனால் இரண்டரை சதவீதம் ஸகாத். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

நான்காம் எழுத்து: வஸிய்யத்

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஊரில் இருப்பவருக்கே இப்படியென்றால் கடல் கடந்து போகிறவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

யாருக்கு நான் தர வேண்டும், யார் எனக்குத் தர வேண்டும், எந்த வங்கியில் கணக்கு, எங்கே காப்பீடு, மனைவியின் நகை எத்தனை பவுன் என்று எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். வங்கியில் நாமினி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர். அது முழுவதும் அவருக்கே சொந்தமாகிவிடாது. கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகுதான் பாகம் என்று அந்நிஸா 11, 12ஆம் வசனங்களில் அல்லாஹ் வரிசையையும் சொல்லித் தருகிறான்.

ஆதரவற்ற நிலையில் சிக்கிய இந்தியர்களுக்கும், ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாதவர்களுக்கும் இந்தியத் தூதரகங்களில் சமூக நல நிதி ஒன்று 2009 முதல் இருக்கிறது. தூதரகத்தில் பதிவு செய்து வைத்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தார் ஊரிலிருந்தே புகார் பதியலாம். தமிழக அரசுக்கும் அயலகத் தமிழர் நல வாரியம் உண்டு. இவற்றை உங்கள் தாளில் கடைசி வரியாக எழுதி வையுங்கள்.

ஊரில் இருக்கும் நமக்கு

சகோதரர்களே! பயணம் போனவருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. அவர் போனில் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்வார். அவர் எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல் கட்டிலில் இருந்து அதைச் சொல்கிறார். அவரிடம் புது போனும் நகையும் கேட்கும் முன், நோன்புக் கஞ்சிக்கும் சந்தனக்கூட்டுக்கும் நன்கொடைச் சீட்டு அனுப்பும் முன், அவருடைய கடன் தீர்ந்ததா என்று கேளுங்கள். செலவில் வீண் விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுநிலையை அல்ஃபுர்கான் 67ஆம் வசனம் நல்லடியார்களின் அடையாளமாகச் சொல்கிறது. அந்த அடையாளம் சம்பாதிப்பவரிடம் மட்டுமல்ல, அவர் பணத்தில் சாப்பிடுகிறவர்களிடமும் இருக்க வேண்டும்.

ஜமாஅத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். நாம் பாதி தர வேண்டாம். வட்டியில்லாக் கடனுக்கு ஒரு நிதி ஏற்படுத்தி, எழுத்தோடும் சாட்சியோடும் கொடுத்து வாங்கினால், விசாவுக்காக ஒரு பெண்ணின் நகை வட்டிக் கடைக்குப் போவதைத் தடுக்கலாம். கடனில் மூழ்கியவர்களும் வழியில் தவிக்கும் பயணிகளும் ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் இருக்கிறார்கள் என்பதை அத்தவ்பா 60ஆம் வசனத்திலிருந்து நினைவில் வையுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள். வெளிநாட்டில் மகனோ கணவரோ சகோதரரோ இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு எடுத்து, போன் போட்டு, நான்கு பக்கம் எழுதுங்கள்: ஒப்பந்தம், கடன், அனுப்பும் பணம், வஸிய்யத். இன்று எழுதச் சங்கடமாக இருக்கும். பத்து வருடம் கழித்துப் பங்கு கேட்டுப் பஞ்சாயத்துக்கு வரும் சங்கடத்தை விட இது சிறியது.

யா அல்லாஹ்! ரிஸ்க் தேடிக் கடல் கடந்து போன எங்கள் சகோதரர்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக! அவர்களுடைய கடன்களை அடைக்க வழி திறப்பாயாக! அவர்களுடைய உழைப்பில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவாயாக! எங்களை ஒருவருக்கொருவர் அமானத்தைக் காப்பவர்களாக ஆக்குவாயாக! அவர்களை ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் குடும்பத்தாரிடம் கொண்டுவந்து சேர்ப்பாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.